பதினோரு வாய்க்கு ஒரே பல்

குரு என்றால் நரைத்த தாடி வேண்டும், சீடன் என்றால் மீசை அப்போதுதான் அரும்பியிருக்க வேண்டும் என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. இங்கே அது தலைகீழ். குருவுக்கு வயது முப்பத்திரண்டு, பெயர் ரஷீதா. சீடருக்கு நாற்பத்தொன்பது, பெயர் கந்தப்பன். சேலத்தில் ஐந்து ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில், பல் டாக்டர்களுக்குக் கேப்பும் கட்டுப்பல்லும் செய்து கொடுக்கிற லேப்பில் இருவருக்கும் வேலை.

இருபத்துமூன்று வருடம் பிளாஸ்டரிலும் மெழுகிலும் பல் செய்தவர் கந்தப்பன். பிறகு மிஷின் வந்தது. டாக்டர் வாய்க்குள் ஒரு சின்னக் கேமராவை விட்டுச் சுற்றினால் போதும், வாய் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். திரையில் பல்லை வடிவமைத்துவிட்டால், மிஷின் ஒரு வெள்ளை வட்டிலிருந்து அதைக் கடைந்து தந்துவிடும்.

கந்தப்பன் இதற்காக ஒன்றும் ஒப்பாரி வைக்கவில்லை. பிளாஸ்டர் தூசியில் அவருக்கு மிஞ்சியது இருமல்தான். "விட்டுது சனியன்" என்று சொல்லிவிட்டு, ரஷீதாவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முதலில் கிண்டலாகத்தான் "டீச்சர்" என்று கூப்பிட்டார். நாலு மாதத்தில் கிண்டல் போய், டீச்சர் மட்டும் நின்றது.

ஒருநாள் கேட்டார்.

"ஏன் டீச்சர், ஒரு பல்லு நல்லா வந்துருச்சுன்னா அதையே எல்லாருக்கும் வெச்சா என்ன?"

அன்றைக்கு ரஷீதாவின் முன்னால் இருபத்தேழு கேஸ் கிடந்தது.

"அப்புறம் சொல்றேண்ணே" என்றாள்.

அப்புறம் அவளுக்கு மறந்துவிட்டது. சொல்லாததை இவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நாம் எல்லோரும் அப்படித்தானே எடுத்துக்கொள்கிறோம்.

ஒன்பது நாள் மெனக்கெட்டு, கீழ்த்தாடை இடதுபக்கக் கடைவாய்ப்பல் ஒன்றைத் திரையில் செதுக்கினார். மேடும் பள்ளமும் வரிகளும் அசல் பல்லில் இருப்பது போலவே அமைந்துவிட்டன. பார்த்த டாக்டர்கள் போன் பண்ணிப் பாராட்டினார்கள். அதைத் தன் பெயர் போட்டுக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த இடத்துக்குக் கேப் கேட்டு யார் வாய் வந்தாலும் அதே பல்தான். கொஞ்சம் நீட்டுவார், கொஞ்சம் குறுக்குவார், பக்கத்துப் பல்லோடு ஒட்டவைப்பார். முகம் மட்டும் மாறாது.

உள்பக்கத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. கேப் போடுவதற்கு முன்னால் டாக்டர் பல்லைச் சுற்றிலும் ராவிக் குட்டையாக்குவார் இல்லையா, அந்தக் குட்டைப் பல்லின் மேல்தான் கேப் உட்கார வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும் அந்தக் குட்டைக்கு வேண்டிய உள்பக்கத்தை ஸ்கேனைப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானே போட்டுக்கொள்ளும். ஒரு பட்டனைத் தட்டினால் சரி. கந்தப்பன் தட்டிவிட்டு மேல்முகத்துக்கு வந்துவிடுவார்.

இப்படிப் பதினோரு பேர் வாய்க்குள் அந்தப் பல் போய்ச் சேர்ந்தது. ரஷீதாவுக்கு இது தெரியாது.

போன திங்கட்கிழமை அரசு ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு மெயில் வந்தது. மூடிக் கிடந்த ஒரு கல்குவாரித் தண்ணீரில் ஒரு ஆம்பளையின் உடம்பு கிடைத்திருக்கிறது. பல மாதம் ஊறிக் கிடந்த உடம்பு. அடையாளம் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. தாடையில் ஒரு கேப் இருக்கிறது, அதன் மேல்பக்கத்தை ஸ்கேன் எடுத்து அனுப்பியிருக்கிறோம், இந்த ஊர் லேப்பில் யாராவது செய்ததா பாருங்கள் என்று கேட்டிருந்தார்கள்.

ரஷீதா அன்றைக்கு இல்லை. கந்தப்பன் திரையில் போட்ட மாத்திரத்தில் கண்டுகொண்டார். நம்ம பல்.

பெருமையாக இருந்தது என்று சொன்னால் அசிங்கம்தான். ஆனால் ஒரு நொடி அப்படித்தான் இருந்தது. அத்தனை மாதம் தண்ணீரில் கிடந்தும் ஒரு வரி அழியவில்லை. அதைப் பழைய கேஸ்களோடு ஒப்பிடச் சொல்லிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார். மணிமாறன், ஓமலூர் பக்கம், அச்சு அசலாகப் பொருந்துகிறது என்று முதல் பெயர் வந்தது. அதற்குக் கீழே இன்னும் பத்துப் பெயர் வரும் என்பது அந்த நேரத்தில் அவர் புத்தியில் ஏறவே இல்லை. கம்ப்யூட்டர் சொன்ன பிறகு கையெழுத்துப் போட என்ன தயக்கம். போட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் மணிமாறன் வீட்டுக்குப் போலீஸ் போய்ச் சொன்னது. மணிமாறன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. மூன்று நாளாக அவன் போன் அணைந்து கிடந்தது. அதுவும் சேர்ந்துகொள்ள, வீடு நம்பிவிட்டது. வாசலில் பந்தல் போட்டார்கள். சங்கு ஊதுகிறவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தோளில் பையோடு பஸ்ஸை விட்டு இறங்கி வந்த மணிமாறன், நம்ம வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தான். அவனைப் பார்த்ததும் அவன் அப்பா அப்படியே சரிந்தவர்தான். இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், ஒரு பக்கம் கை வரவில்லை.

அன்று ராத்திரி சேதி லேப்புக்கு வந்தபோது கந்தப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவை மூடி வைத்தவர் அன்றைக்கு அதைத் திறக்கவே இல்லை. முதலாளி போனில் கத்தினார். இனிமேல் எதையும் உறுதியாகச் சொல்லித் தொலைக்காதீர்கள், நமக்கு எதற்கு வம்பு என்றார். ரஷீதா மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதன்கிழமை லீவு போட்டாள். தன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் லீவு போட்டாள் என்று கந்தப்பன் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் ஏட்டு வந்தார். கையில் அரக்கு வைத்த ஒரு கவர். பின்னால் ஒரு அம்மாள், காலில் செருப்பில்லை.

"இந்தத் தடவை கேப்பையே கழட்டிக் குடுத்திருக்காங்க" என்றார் ஏட்டு. "இந்தம்மா பேரு பாவாயி. பையன் ஜெயவேல் ஏழு மாசமாக் காணோம். உங்ககிட்ட செஞ்ச கேப்தான் அவனும் போட்டிருக்கான், கிளினிக்ல விசாரிச்சாச்சு. இந்தம்மா ரத்தம் எடுத்து டி.என்.ஏ. டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கு. அது வர மாசக்கணக்காகும். பிணவறையில இடம் இல்லை. திங்கக்கிழமை அநாதைப் பொணம்னு அடக்கம் பண்ணச் சொல்லிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு பதிலைச் சொல்லுங்க. இந்தத் தடவை சரியாச் சொல்லுங்க."

கடைசி வாக்கியத்தைக் கந்தப்பனைப் பார்த்துச் சொன்னார். கந்தப்பன் தரையைப் பார்த்தார்.

ரஷீதா கவரை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு மேலே போனாள். ஏட்டு டீ குடிக்கப் போனார். கீழே பார்சல் கட்டுகிற இடத்தில் ஒரு பெஞ்சு உண்டு, பாவாயி அதில் உட்கார்ந்தார். கந்தப்பன் நழுவப் பார்த்தார், முடியவில்லை.

"ஏனுங்க சாமி, நீங்கதான அந்த ஓமலூர்ப் பையன் பேரைச் சொன்னது?"

"கம்ப்யூட்டர் சொல்லுச்சும்மா."

"யாரு சொன்னா என்னங்க. நீங்க பேரைச் சொன்னீங்க, அந்தப் பையன் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்துட்டானாமில்ல?"

"ஆமாம்மா."

"எம்பையன் பேரையும் சொல்லுங்க சாமி. ஜெயவேலுன்னு சொல்லுங்க. அவனும் வந்துருவான்."

அந்த அம்மாள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோயிலில் வரம் கேட்கிறவர்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம்.

"கேப் போட்ட அன்னிக்கு வந்து வாயைப் பொளந்து காட்டினான். அம்மா பாரு, எது என் பல்லு எது கேப்புன்னு தெரியுதா பாருன்னான். எனக்குத் தெரியலீங்க. ஏழு மாசமா நான் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுறதில்லை. பக்கத்துல இருக்கறவங்க திட்டுறாங்க, திருடன் வருவான்னு. வந்தா வந்துட்டுப் போகட்டும்."

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார் கந்தப்பன். வேறு என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

மேலே வந்தபோது ரஷீதா ஜெயவேலின் பழைய கேஸைத் திரையில் திறந்து வைத்திருந்தாள். பக்கத்திலேயே மணிமாறனின் கேஸ். இரண்டு கேப்பையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நான் சந்தேகப்பட்ட மாதிரியே ரெண்டும் ஒரே பல்லா இருக்கே."

ஒளித்து வைக்க இனி என்ன இருக்கிறது. கந்தப்பன் கொட்டிவிட்டார்.

"பதினோரு பேர் டீச்சர். பொம்பளைங்க ஆறு பேர், ஆம்பளைங்க அஞ்சு பேர். எல்லாருக்கும் இதே முகம்தான்."

ரஷீதா அவரைத் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அந்த ஐந்து ஆண்களின் ஸ்கேனையும் எடுத்தாள். ராவின குட்டைப் பல்லை மட்டும் ஒவ்வொன்றிலும் தனியே வெட்டி, அச்சு எடுக்கிற மிஷினுக்கு அனுப்பினாள். மிஷின் முனகத் தொடங்கியது.

"அஞ்சு பேருக்குமா?" என்றார் கந்தப்பன். "அந்தப் பையனோடது ஒண்ணு போதாதா?"

"போதாதுண்ணே."

"ஏன்?"

"பேர் தெரிஞ்சா உங்க கை பொய் சொல்லும்."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் கந்தப்பன் ஒருமுறை படியோரம் போய் எட்டிப் பார்த்தார். பாவாயி உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். பக்கத்தில் வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.

ஐந்து அச்சும் சாம்பல் நிறத்தில், மொச்சைக்கொட்டை அளவுக்கு வந்தன. ரஷீதா அவற்றைக் கழுவிக் காயவைத்து, வரிசையைக் கலைத்து ஒரு தட்டில் வைத்தாள். கவரைப் பிரித்துக் கேப்பைக் கவிழ்த்து வைத்தாள். உள்பக்கம் மேலே பார்த்தது.

"நீங்களே வெச்சுப் பாருங்க."

கந்தப்பன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். முதல் அச்சில் வைத்தார். ஆடியது. இரண்டாவதில் பாதிக்கு மேல் இறங்கவில்லை. மூன்றாவதில் இறங்கியது, ஆனால் விரலால் தொட்டதும் சுழன்றது. அவருக்கு மூச்சு கொஞ்சம் லேசானது. அஞ்சிலும் உட்காராமலே போகலாம். வேறு லேப்பில் எவனோ இதே மாதிரி ஒரு பல்லைச் செய்து வைத்திருக்கலாம். உலகத்தில் நடக்காததா.

நாலாவதில் வைத்தார்.

அமுக்கவேகூட இல்லை. அதுவாக இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தார், நகம் எங்கும் சிக்கவில்லை. திருகிப் பார்த்தார், திரும்பவில்லை. இருபத்துமூன்று வருடக் கைக்கு இதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவதில் வைத்துப் பார்க்கத் தேவையே இல்லை. இருந்தும் நாலாவதிலிருந்து கழற்றி அதில் வைத்துப் பார்த்தார். உட்காரவில்லை. கொஞ்சம் அமுக்கிக்கூடப் பார்த்தார்.

"உடைஞ்சிரும்ணே" என்றாள் ரஷீதா.

அவர் கேப்பை எடுத்து மறுபடி நாலாவதில் வைத்தார். ரஷீதா அச்சைத் தூக்கி அடியில் இருந்த எண்ணைப் பார்த்தாள். திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஜெயவேல், வயது இருபத்தாறு.

கந்தப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணே."

"உட்காரலைன்னு எழுதிடலாமா?"

ரஷீதா காலிக் கவரை எடுத்து நேராக்கினாள்.

"ஒரு தடவை தப்பாச் சொல்லி ஒரு குடும்பத்தையே சாய்ச்சுட்டேன். இன்னொரு தடவை தப்பாச் சொல்லி ஒரு பொம்பளையை வாழ வெச்சுட்டுப் போறேனே. பையன் எங்கயோ இருக்கான்னு நினைச்சுக்கிட்டுக் கதவைத் திறந்து வெச்சுட்டு இருக்கட்டும். அதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

ரஷீதா கவரை அவர் பக்கம் தள்ளினாள்.

"கேப்பை இதுல போட்டு ஏட்டையாகிட்ட குடுத்துடுறோம். திங்கக்கிழமை அந்த உடம்பு எங்க போகும்?"

"குழிக்கு."

"யார் வந்து மண்ணு போடுவா?"

கந்தப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ நீங்க போய்ச் சொல்லிடுங்க டீச்சர். நீங்க படிச்சவங்க, பதமாச் சொல்வீங்க. என் பேச்சை அந்தம்மா எப்படி நம்பும்? நான் பேரைச் சொன்னா அவன் பஸ்ஸை விட்டு இறங்கி வருவான்னு கீழ உட்கார்ந்திருக்கு."

"அதுக்குத்தான் நீங்க போகணும். அவங்க உங்களைத்தான நம்பியிருக்காங்க."

"என்னால ஆகாது."

"நேத்து நான் எதுக்கு லீவு போட்டேன்னு நினைச்சீங்க?"

கந்தப்பன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணிமாறன் அப்பாவைப் பார்க்க. நீங்க அன்னிக்கு என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்க, நான் அப்புறம்னேன். அந்த அப்புறத்துக்காகப் போய் நின்னுட்டு வந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவர் பொண்டாட்டி காறித் துப்புச்சு. பெரியவருக்குப் பேச்சு வரலை, என்னையே பார்த்துட்டு இருந்தார்."

அதைக் கேட்டதும் கந்தப்பன் தலை இன்னும் கீழே போயிற்று. தான்தான் போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, கால் எழ வேண்டுமே. கீழே ஏட்டின் குரல் கேட்டது. டீக்கடையிலிருந்து திரும்பிவிட்டார். எழுந்திரும்மா, என்ன ஆச்சுன்னு கேட்போம் என்று அந்த அம்மாளை எழுப்பிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பையனை எனக்குத் தெரியவே தெரியாது டீச்சர்" என்றார் கந்தப்பன். "நமக்கு யாரைத் தெரியும்? நம்பர் வருது, செய்யுறோம், அனுப்புறோம். முகம் தெரியாத ஒருத்தன் செத்துட்டான்னு பெத்தவகிட்ட நான் எந்த வாயால போய்ச் சொல்லுவேன்? நான் அவனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை."

ரஷீதா அச்சிலிருந்து கேப்பைக் கழற்றி, உள்பக்கம் தெரியக் கவிழ்த்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இப்பப் பார்த்தீங்களேண்ணே" என்றாள். "அவங்க அம்மாகூடப் பார்க்காத இடத்தை."